கடைசிப் பெட்டி

மாதத்தின் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு ரேஷன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பையும் கார்டுமாக ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். நகர்ந்துகொண்டிருக்கும் வரிசை திடீரென்று நின்றுவிடும். கைரேகை வைக்கும் சிறு யந்திரத்தை விற்பனையாளர் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்ப்பார். ஜன்னல் ஓரமாகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு வரிசையின் முன்னால் நிற்கும் மூதாட்டியிடம், "நெட்டு வரலே பாட்டி, நாளைக்கு வாங்க" என்பார். பாட்டி காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்புவாள். அன்றைய கூலியும் போயிற்று, அரிசியும் வரவில்லை.

ரேஷன் கடையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல இது. பாங்கியில் முதியோர் பென்ஷன் வாங்கப் போனவரும், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தவரும், ஆபத்துக்கு 108-ஐக் கூப்பிட முயன்றவரும் இதே பதிலை ஏதோ ஒரு நாள் கேட்டிருப்பார்கள். "நெட்டு இல்லை" என்பது நம் காலத்தில் "மழை இல்லை" என்பதைப் போலாகிவிட்டது. தெய்வச் செயல் என்று எண்ணி ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.

ஆனால் இது தெய்வச் செயல் அல்ல. பலர் நினைப்பது போல, ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கிரகத்தின் குற்றமும் அல்ல. பல சமயங்களில் கோளாறு இருக்கும் இடம் நமக்கு வெகு அருகில்தான். தெருமுனையில், பஞ்சாயத்து அலுவலகத்தின் மூலையில், செல்போன் கோபுரத்தின் அடியில், ஒரு டிரங்குப் பெட்டியின் அளவுகூட இல்லாத யந்திரம் ஒன்று இருக்கிறது. நூறு வீட்டுச் செய்திகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பாதையில் அனுப்பிவைப்பது அதன் வேலை. பொறியாளர்கள் அதை 'எட்ஜ் ஸ்விட்ச்' என்பார்கள். ஓரத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டி என்று நாம் சொல்லலாம். இந்தப் பெட்டி என்ன செய்கிறது, அது நின்றால் ஏன் ஊரே நிற்கிறது, அதற்கு என்ன பரிகாரம் என்பதைச் சாமானிய வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. வரி கொடுப்பவரும் அவர்கள்தான். வரிசையில் நிற்பவரும் அவர்கள்தான்.

ஏன் சேர்த்து அனுப்ப வேண்டும்?

ஒரு ஊரில் 100 வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற எல்லா வீட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் எத்தனை கம்பி வேண்டும்? 4,950. ஊர் பத்து மடங்கு பெருத்து 1,000 வீடுகள் ஆனால் கம்பியும் பத்து மடங்கு ஆகும் என்று நினைத்தால் தவறு. 4,99,500 கம்பிகள் வேண்டும். ஏறக்குறைய நூறு மடங்கு! வானமே கம்பியால் மூடப்பட்டுவிடும்.

ஆகையால்தான் டெலிபோன் தோன்றிய சில வருஷங்களிலேயே எக்ஸ்சேஞ்சும் தோன்றியது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களுடன் ஒரு எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. நான்கே வருஷங்களில், 1882-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்சுகள் வந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கம்பி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தால் போதும். யாருக்கு யார் வேண்டுமோ அவர்களை அங்கே இணைத்துவிடலாம். 4,950 கம்பிகள் 100 கம்பிகளாகக் குறைந்தன.

அடுத்த கேள்வி: ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்து அடுத்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு எத்தனை கம்பி வேண்டும்? 100 வீட்டுக்கு 100 கம்பியா? எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை. ஆனால் ஒரே கம்பி போட்டால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்ற 99 பேரும் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சரியான எண் எது?

இந்தக் கேள்விக்குக் கணக்கு ரீதியாக விடை கண்டவர் டென்மார்க் தேசத்து அறிஞர் ஏ. கே. எர்லாங். 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1909-இலும் 1917-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இன்றளவும் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் உபயோகத்தில் இருந்தால் அந்தச் சுமையை இன்று 'ஒரு எர்லாங்' என்றே சொல்கிறார்கள்.

அவருடைய கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் ஒரு வீட்டில் 3 நிமிஷம் வெளியூருக்குப் பேசுகிறார்கள் என்று கொள்வோம். 100 வீட்டுக்கு 300 நிமிஷம். அதாவது 5 எர்லாங். நூறு பேர் முயன்றால் ஒருவருக்கு மட்டுமே இடமில்லை என்று பதில் வரலாம் என்பது நிபந்தனை. எர்லாங் சூத்திரப்படி இதற்கு 11 கம்பிகள் போதும். 100 வீட்டுக்கு 11 கம்பி!

விசேஷம் இனிமேல்தான் இருக்கிறது. இதே மாதிரி பத்து ஊர்கள் தனித்தனியே 11 கம்பி வைத்துக்கொண்டால் மொத்தம் 110 கம்பிகள். அந்தப் பத்து ஊர்களின் பேச்சையும் ஓரிடத்தில் திரட்டி ஒரே தொகுப்பாக அனுப்பினால் எத்தனை வேண்டும்? சூத்திரம் சொல்லும் விடை 64. ஜனங்கள் அதே ஜனங்கள். பேச்சு அதே பேச்சு. கிடைக்கும் சௌகரியமும் அதே அளவு. ஆனால் 46 கம்பிகள் மிச்சம். ஒரு ஊரில் பேச்சு ஓய்ந்திருக்கும்போது அதன் கம்பி அடுத்த ஊருக்கு உதவுகிறது. கூட்டுக் குடும்பத்தில் பத்து பேருக்கு இரண்டு குடை போதுமாக இருந்ததே, அதே தத்துவம்தான்.

டெலிபோன் ஏழைக்கும் எட்டும் விலைக்கு இறங்கியதற்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கிய காரணம். ஆகையால், சேர்த்து அனுப்புவதே தவறு என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

தபால் பையும் தகவல் பையும்

பழைய டெலிபோனில் ஒரு வீண் செலவு இருந்தது. நீங்கள் பேசினாலும் சரி, யோசித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் சரி, கம்பி உங்களுடையதுதான். வேறு யாரும் அதைத் தொட முடியாது. இன்று நடைமுறை வேறு. பேச்சு, படம், பணப் பட்டுவாடா, கைரேகை எல்லாமே எண்களாக மாற்றப்பட்டுச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. சாதாரணமாக ஒரு துண்டில் 1,500 பைட் வரை செய்தி இருக்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புபவர் விலாசமும் பெறுபவர் விலாசமும் எழுதப்படும். கிட்டத்தட்ட ஒரு தபால் கவர்.

நமது கிராமத்துக் கிளைத் தபாலாபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரார் போட்ட கடிதங்களை அங்கே ஒரு பையில் போட்டுக் கட்டுகிறார்கள். அந்தப் பை அடுத்த பெரிய ஆபீஸுக்குப் போகிறது. அங்கே பல ஊர்ப் பைகள் சேர்கின்றன. பிறகு ரயில்வே தபால் பிரிவுக்குப் போய் ஊர் வாரியாகப் பிரிகின்றன. எட்ஜ் ஸ்விட்ச் என்பது அந்தக் கிளைத் தபாலாபீஸ். அதற்கு மேலே, பல ஓரப் பெட்டிகளின் பைகளைத் திரட்டும் நடு ஆபீஸ் ஒன்று. அதற்கும் மேலே, நகரங்களை இணைக்கும் பிரதான ஆபீஸ்.

ஒரு சாதாரண எட்ஜ் ஸ்விட்சில் 24 அல்லது 48 வாசல்கள் இருக்கும். எந்த வாசலில் எந்த விலாசக்காரர் இருக்கிறார் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு வாசலிலிருந்து கடிதம் வந்ததும், அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்து, 'இவர் 7-ஆம் நம்பர் வாசல்' என்று தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. பிறகு அவருக்கு வரும் கடிதத்தை நேராக 7-ஆம் வாசலுக்கே அனுப்பிவிடும். வெளியூர்க் கடிதங்களை எல்லாம் 'மேல் வழி' என்று சொல்லத்தக்க பெரிய வாசல் ஒன்றின் வழியாக அனுப்பும்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். 48 வாசல்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 1 கிகாபிட் கொள்ளும். மேல் வழி ஒன்றே ஒன்று, அது 10 கிகாபிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரக்கூடியது 48. வெளியே போகக்கூடியது 10. கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. இது மோசடியா? இல்லை. முன்னே சொன்ன எர்லாங் கணக்கைப் போலவே, எல்லோரும் ஒரே வினாடியில் முழு வேகத்தில் அனுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கை. சிறிது நெரிசல் ஏற்பட்டால், கவர்களைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைத்து, இடம் கிடைத்ததும் அனுப்பும். நெரிசல் நீடித்து அந்த வரிசையும் நிரம்பிவிட்டால், புதிதாக வரும் கவர்களைக் கீழே போட்டுவிடும். அனுப்பிய கணினி பதில் வராததைக் கண்டு மறுபடியும் அனுப்பும். வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் சினிமா பார்க்கும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடுவதன் ரகசியங்களில் ஒன்று இதுதான்.

எல்லாக் கவரும் சமம் அல்ல. பேச்சைச் சுமக்கும் கவர் அரை வினாடி தாமதித்தாலும் பேச்சு குழறும்; கடிதத்தைச் சுமக்கும் கவர் இரண்டு வினாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே நல்ல பெட்டிகள் பேச்சுக்குத் தனி வரிசை வைத்து முதலில் அனுப்பும். பாங்கியின் கடிதங்களும் பள்ளிக்கூடத்தின் கடிதங்களும் ஒரே வண்டியில் போனாலும் ஒன்றோடொன்று கலக்காதபடி, ஒவ்வொரு பைக்கும் தனி முத்திரை குத்தும் ஏற்பாடும் உண்டு. அப்படி 4,094 முத்திரைகள் வரை ஒரே கம்பியில் உபயோகிக்கலாம்.

வீட்டுக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிளிலும் இதே கதைதான். ஜிபான் என்ற முறையில் ஒரே இழை வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு கண்ணாடிப் பிரிப்பானால் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கப்படுகிறது. வீடுகளை நோக்கி வருவது வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், வீடுகளிலிருந்து போவது அதில் பாதி. 32 வீட்டாரும் ஒரே சமயத்தில் முழுதாக இழுத்தால் ஆளுக்கு 78 மெகாபிட் அளவே பங்கு கிடைக்கும். மேலே அனுப்பும்போது 32 வீடும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க, எக்ஸ்சேஞ்சில் உள்ள தலைமைப் பெட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்குகிறது. நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

மிச்சம் பிடித்த இடத்தில் ஆபத்து

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் சேர்ப்பதில் லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. நூறு வீட்டுச் செய்தி ஒரே பெட்டியில், ஒரே இழையில் போகிறது என்றால், அந்த ஒரு பெட்டி நின்றாலும், அந்த ஒரு இழை அறுந்தாலும் நூறு வீடும் ஊமையாகும். செல்போன் காற்றில் பேசுகிறது, கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கையிலிருக்கும் போனிலிருந்து கோபுரம் வரைதான் காற்று. கோபுரத்துக்கு அப்பால் கண்ணாடி இழை அல்லது மைக்ரோவேவ் வழியாக ஒரு திரட்டும் பெட்டிக்குத்தான் போயாக வேண்டும். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் பொக்லைன் யந்திரம் ஒரு இழையைத் துண்டித்தால், ஐந்தாறு கோபுரங்கள் சேர்ந்து மௌனமாவது இதனால்தான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் 'கஜா' புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்ததை டெல்டா ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அந்த மின்சாரத்தை நம்பியிருந்த கோபுரங்களும் பெட்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. உயிரோடு இருக்கிறோம் என்று சென்னையில் இருக்கும் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் கிராமத்துத் தாய்மார்கள் தவித்தார்கள். தென்னையும் கூரையும் போனது புயலின் குற்றம். பேச்சும் போனதற்கு ஏற்பாட்டின் குறையும் ஒரு காரணம்.

எர்லாங் கணக்குக்கும் அன்று வேலை இல்லை. சாதாரண நாளில் நூறு பேரில் பத்துப் பேர் பேசுவார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. ஆபத்து வந்த அன்று நூறு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். சிக்கனத்தின் அளவு நல்ல நாளைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. தேவை அதிகமாவதோ கெட்ட நாளில்.

நேர்கோடும் வளையமும்

பரிகாரம் இல்லாத வியாதி அல்ல இது. ஊர்களை மாலையில் பூக்கோப்பது போல ஒரே கோட்டில் கோக்காமல், கோட்டின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினால் போதும். ஓரிடத்தில் அறுந்தால் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும்.

சொல்வதற்கு இது எளிது. செய்வதில் ஒரு தொல்லை இருந்தது. இந்தப் பெட்டிகள் சிலவகைக் கவர்களை எல்லா வாசலுக்கும் பிரதி எடுத்து அனுப்பும். பாதை வளையமாக இருந்தால் அந்தப் பிரதிகள் சுற்றிச் சுற்றி வந்து, நிமிஷத்துக்குள் பெருகி, ஏற்பாடு முழுவதையும் ஸ்தம்பிக்க வைத்துவிடும். 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர் இதற்கு ஒரு அழகான வழி கண்டார். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு தங்களில் ஒன்றைத் தலைமையாக ஏற்கும். வளையத்தில் ஓரிடத்தைத் தாமாகவே மூடிவைக்கும். வேறெங்காவது பாதை அறுந்தால், மூடிய இடத்தைத் திறந்துவிடும். இன்று அதைவிட வேகமான முறைகள் பல வந்துவிட்டன. வளையம் அமைக்க விஞ்ஞானம் தடையாக இருந்த காலம் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன.

நம் தேசத்திலும் ஓரப் பெட்டியைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. 1984-இல் ஆரம்பிக்கப்பட்ட சி-டாட் ஸ்தாபனம் கிராமத்துக்கென்றே 128 இணைப்புள்ள ஒரு சிறு எக்ஸ்சேஞ்சைச் செய்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் நிறுவப்பட்டது. குளிர்சாதனம் இல்லாமலே வேலை செய்யும்படி அதை அமைத்தார்கள். வெளிநாட்டு யந்திரத்துக்கு ஏற்றபடி கிராமத்தை மாற்றச் சொல்லாமல், கிராமத்துக்கு ஏற்றபடி யந்திரத்தைச் செய்ததுதான் அதன் பெருமை.

அதற்குப் பின் 2011-இல் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் தேசியத் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி அளித்தது. பாரத்நெட் என்று பின்னர் பெயர் பெற்ற திட்டம் அதுதான். வட்டாரத் தலைநகரிலிருந்து பஞ்சாயத்துக்கு இழை போயிற்று. ஆனால் அது பெரும்பாலும் ஒற்றை வழிப் பாதை. அறுந்தால் அறுந்ததுதான். இந்தக் குறையை உணர்ந்தே 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டம் ஒன்று, ரூ. 1,39,579 கோடி மதிப்பில், மந்திரி சபையின் ஒப்புதல் பெற்றது. வட்டாரத்தையும் பஞ்சாயத்துகளையும் வளையமாக இணைப்பது, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு, தூரத்திலிருந்தே இழையைக் கண்காணிப்பது, பத்து வருஷப் பராமரிப்பு ஆகியவை அதில் உண்டு. திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதோடு நான்கு விஷயங்களை வற்புறுத்தவும் விரும்புகிறோம்.

நாம் கேட்பது

முதலாவது, வளையம் தரையிலும் வளையமாக இருக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகள் தனித்தனியே ஓடும். ஆனால் பள்ளம் தோண்டும் செலவை மிச்சப்படுத்த இரண்டு இழைகளையும் ஒரே பள்ளத்தில் போட்டால், ஒரே பொக்லைன் இரண்டையும் ஒரே வீச்சில் அறுக்கும். ஒரே பாலத்தின் மீது இரண்டையும் கொண்டுபோனால், ஒரே வெள்ளம் இரண்டையும் அடித்துச் செல்லும். ஆற்றின் மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி என்று பிரித்துப் போட்டால்தான் அது வளையம். வேலையை அளந்து பணம் கொடுக்கும் அதிகாரிகள் இழையின் நீளத்தை மட்டும் அளக்காமல், இரண்டு வழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும்.

இரண்டாவது, ஓரப் பெட்டிக்கு மின்சாரம். வளையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டிக்கு உயிர் இல்லையென்றால் பயன் என்ன? கடலோர மாவட்டங்களில் புயலடித்தால் மின்சாரம் திரும்ப நாள் கணக்கில் ஆகும். இரண்டு மணி நேர பாட்டரி அங்கே எதற்கும் உதவாது. இந்தப் பெட்டிகள் பெரிய மோட்டாரைப் போல மின்சாரம் குடிப்பவை அல்ல. நல்ல பாட்டரியும் கூரைமேல் சூரிய ஒளித் தகடும் இருந்தால் அவற்றை நாள் கணக்கில் ஓட்ட முடியும். பாட்டரியை வைத்தால் மட்டும் போதாது. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நேர்மையான கணக்கு. எத்தனை வீட்டுக்கு ஒரு பாதையைப் பங்கிட்டிருக்கிறார்கள், நெரிசல் நேரத்தில் ஆளுக்கு என்ன வேகம் நிச்சயம் என்பதைச் சந்தாதாரர் பணம் கட்டும் முன்பே அவருக்குத் தமிழில் சொல்லிவிட வேண்டும். பங்கிடுவது குற்றமல்ல, பங்கை மறைப்பதுதான் குற்றம். சேவை நின்ற கணக்கையும் ஊர் வாரியாக வைக்க வேண்டும். டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் சந்தாதாரர்களுக்குக் கட்டணத்தில் ஈடு கொடுக்க வேண்டும். நல்ல விதி, பாராட்டத்தக்க விதி. ஆனால் ஓரப் பெட்டி நின்றால் மாவட்டம் இருளாவதில்லை. ஒரு கிராமம், ஒரு தெரு, ஒரு குப்பம்தான் இருளாகிறது. மாவட்ட அளவுகோலால் அளந்தால் அந்தக் குப்பத்தின் கஷ்டம் கணக்கில் ஏறாது. பஞ்சாயத்து அளவில் அளக்கும் விதி வர வேண்டும்.

நான்காவது, ஆள். பெட்டியில் எரியும் விளக்கு பச்சையா சிவப்பா என்று பார்த்துச் சொல்லவும், தளர்ந்த இணைப்பைச் சரி செய்யவும், மேலிடத்துக்குத் தகவல் கொடுக்கவும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பயிற்சி பெற்ற ஒரு இளைஞரோ பெண்ணோ இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு இது கௌரவமான வேலையாகவும் இருக்கும். ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து ஆள் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை.

செலவு ஆகுமே?

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டாவது பள்ளம், பெரிய பாட்டரி, கூடுதல் ஆள் எல்லாமே செலவுதான். ஒதுக்குப்புறமான ஒரு மலைக் கிராமத்துக்கு இரண்டு தனி வழி போடுவது நடைமுறையில் முடியாமலும் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாவது வழியாக மைக்ரோவேவையோ செயற்கைக் கிரகத்தையோ உபயோகிக்கலாம். அந்த வழியில் சினிமா ஓட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பேச்சும், ரேஷன் கடைக்கு ஒரு கைரேகையும் போனால் போதும். எந்தக் கவரை முதலில் அனுப்புவது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு பெட்டிக்குத்தான் இருக்கிறதே!

மற்ற இடங்களைப் பற்றி மறுபடியும் அந்த எர்லாங் கணக்கையே நினைவுபடுத்துகிறோம். தனித்தனியே 110 கம்பி வேண்டிய இடத்தில் 64 போதும் என்றால், 46 கம்பியின் விலை மிச்சமாகிறது. அந்த மிச்சம் எப்படி வந்தது? பத்து ஊர் ஜனங்களும் தங்கள் பேச்சை ஒரே பாதையில் விட்டுவிடச் சம்மதித்ததால் வந்தது. பாதை அறுந்தால் பத்து ஊரும் சேர்ந்து ஊமையாகும் என்ற ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களே. லாபம் முழுவதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு, ஆபத்து முழுவதையும் இன்னொருவர் தலையில் வைப்பது எந்த வியாபாரத்திலும் நியாயமாகாது. மிச்சமான பணத்தில் ஒரு பங்கை இரண்டாவது வழிக்கும் பாட்டரிக்கும் செலவிட வேண்டும் என்று கேட்பது தர்மம் கேட்பதல்ல, பாகம் கேட்பது.

முன்பெல்லாம் ரேஷனுக்குக் கார்டும், பென்ஷனுக்கு மணியார்டரும் இருந்தன. கம்பி அறுந்தால் டெலிபோன் வைத்திருந்த சிலருக்கு மட்டுமே கஷ்டம். இன்று அரிசி, பணம், மருந்து, படிப்பு எல்லாவற்றையும் அந்தச் சிறு பெட்டியின் வழியாகத் திருப்பிவிட்டோம். திருப்பிவிட்டவர்கள் நாம், பாட்டி கேட்கவில்லை. ஆகவே பெட்டி நின்ற அன்று, "நெட்டு வரலே" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பும் உரிமை நமக்கு இல்லை. வளையம் முடியும்வரை, இணைப்பு இல்லாத நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிட்டு, பிறகு கணக்கில் ஏற்றும்படி ஒவ்வொரு கடைக்கும் தெளிவான உத்தரவு இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கடலோரப் பஞ்சாயத்துகளின் பெட்டிகளையும் பாட்டரிகளையும் ஒருமுறை சோதித்து, எத்தனை நல்ல நிலையில் இருக்கின்றன என்ற கணக்கை சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வெளிவருவதை நாமும் எதிர்பார்த்திருப்போம்; வரிசையில் நிற்பவர்களும் எதிர்பார்த்திருப்பார்கள்.